ஊர் மெச்சும் வாழ்வு – ஆர்தர் மில்லரின் நாடகம் காட்டும் அமெரிக்கக் குடும்பம்

மேனாட்டாரின் குடும்ப வாழ்வைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவரிடையே இரண்டு குரல்களே பெரிதும் ஒலிக்கும். அங்கே குடும்பம் என்ற ஒன்றே அற்றுப்போய்விட்டது, பிள்ளை பெற்றோரை மறந்துவிட்டான், கணவனும் மனைவியும் வழிப்போக்கரைப்போல் வாழ்கின்றனர் என்பர் ஒரு சாரார். தன் வாழ்வைத் தானே அமைத்துக்கொள்ளும் உரிமை அங்கேதான் உண்டு, ஊர் வாய்க்கு அஞ்சி வாழும் அவலம் அங்கில்லை என்பர் மற்றொரு சாரார். எதிரெதிராக நிற்கும் இவ்விரு சாராரும் ஒன்றை மட்டும் உண்மையென ஒப்புக்கொண்டே வாதிடுகின்றனர். மேனாட்டில் மனிதன் தன் விருப்பப்படி வாழ்கிறான். சமூகம் அவன் வீட்டு வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகிறது என்பதே அது.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதை அறிய, அந்நாட்டு எழுத்தாளர்களே தம் வீடுகளைப் பற்றி எழுதிவைத்திருப்பதைப் படிப்பதே நேர்வழி. அவ்வகையில் அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் எழுதிய ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ என்னும் நாடகத்தை இங்கே ஆராய எண்ணுகிறேன். ‘விற்பனையாளனின் மரணம்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1949ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் நியூயார்க்கில் உள்ள மொராஸ்கோ அரங்கில், எலியா கசான் என்பவரின் இயக்கத்தில் அது முதன்முதலாக மேடையேறியது. அவ்வாண்டே நாடகத்திற்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. முதல் தயாரிப்பிலேயே 742 முறை நடிக்கப்பட்டது. முக்கால் நூற்றாண்டு கடந்தும் அது இன்றளவும் நடிக்கப்பட்டு வருகிறது.

படித்திராத அன்பர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லி லோமன் 63 வயது நிரம்பிய ஊர்சுற்றி விற்பனையாளன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வீடு. நியூ இங்கிலாந்து மாநிலங்கள் அவனது விற்பனைக் களம். 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே நிறுவனத்திற்காகப் பெட்டிகளைச் சுமந்து சுற்றியவன். இப்போது அவனுக்குச் சம்பளம் இல்லை. விற்றால் தரகு மட்டுமே. பழகிய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக மறைந்துவிட்டனர். காரை ஓட்டிச் செல்லும்போதே நினைவு தடுமாறிச் சாலையை விட்டு விலகிவிடுகிறான். மனைவி லிண்டா. மூத்த மகன் பிஃப், 34 வயதாகியும் எந்த வேலையிலும் நிலைக்காமல் மேற்கு மாநிலங்களின் பண்ணைகளில் கூலி வேலை செய்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறான். இளையவன் ஹாப்பி ஒரு கடையில் துணை அதிகாரிக்கும் துணையாக இருந்துகொண்டு, தன்னைப் பெரிய அதிகாரி என்று சொல்லிக்கொள்கிறான். ஓர் இரவிலும் மறுநாளிலும் நிகழ்வனவே நாடகம். அந்த மறுநாள் இரவில் வில்லி தன் காரை எடுத்துக்கொண்டு போய் உயிரை மாய்த்துக்கொள்கிறான். தன் மரணத்தால் கிடைக்கும் 20,000 டாலர் காப்பீட்டுப் பணம் மூத்த மகனை உயர்த்திவிடும் என்பது அவன் கணக்கு.

இக்கதையில் பசி இல்லை, பஞ்சம் இல்லை. வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருக்கிறது, கார் இருக்கிறது, மனைவி உண்மையானவளாக இருக்கிறாள், மக்கள் இருவரும் உடல்நலம் உள்ளவர்கள். வீட்டுக் கடனில் ஒரே ஒரு தவணைதான் பாக்கி. அப்படியிருந்தும் அந்த வீடு ஏன் இடிந்தது? இந்த வினாவுக்கு மில்லர் தரும் விடையைத்தான் நாம் தேடிக் காண வேண்டும்.

அமெரிக்கச் சமூகம் ஓர் ஆண்மகனிடம் எதிர்பார்த்தது என்ன என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். அங்கே பிறப்பால் வரும் பட்டங்கள் இல்லை. எவனும் எந்த நிலைக்கும் உயரலாம் என்பதே அந்நாட்டின் பெருமை. பெஞ்சமின் பிராங்க்ளினின் தன்வரலாறு தொடங்கி, 19ஆம் நூற்றாண்டில் ஹொரேஷியோ ஆல்ஜர் எழுதிக் குவித்த ஏழைச் சிறுவர் கதைகள்வரை இந்த நம்பிக்கையைத் தலைமுறை தலைமுறையாக ஊட்டி வந்தன. கேட்பதற்கு இனிய இக்கொள்கைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எவனும் உயரலாம் என்றால், உயராதவன் தன் குற்றத்தாலேயே உயரவில்லை என்று பொருள்படும். பிறப்பின் மீதோ ஊழின் மீதோ பழிபோட்டு ஆறுதல் அடைய அவனுக்கு வழியில்லை. வறுமை அங்கே துன்பமாக மட்டும் இல்லாமல் வெட்கமாகவும் ஆகிவிடுகிறது.

20ஆம் நூற்றாண்டில் இந்த எதிர்பார்ப்பு இன்னொரு வடிவமும் எடுத்தது. உழைப்பும் சிக்கனமும் போதும் என்ற பழைய பாடம் மாறி, பிறரைக் கவரும் தோற்றமும் பேச்சும் வேண்டும் என்ற புதுப்பாடம் வந்தது. நண்பர்களைப் பெறும் வழியையும் மக்களை வசப்படுத்தும் வழியையும் கற்பிப்பதாகச் சொல்லி டேல் கார்னகி எழுதிய நூல் 1936இல் வெளிவந்து பெருந்தொகையில் விற்றது. மனிதன் தன் பண்டத்தை விற்பதற்கு முன் தன்னையே விற்றாக வேண்டிய காலம் அது. வில்லி லோமன் இந்தப் பாடத்தின் மாணவன். எல்லாருக்கும் பிடித்தவனாக இரு, மற்றவை தாமே வரும் என்பதே அவன் மக்களுக்கு ஓதும் வேதம். அவன் பெட்டியில் என்ன சரக்கு இருந்தது என்பதை நாடகம் முழுவதிலும் மில்லர் எங்கும் சொல்லவில்லை என்பது கவனிக்கத் தக்கது. சரக்கு எதுவாயினும் விற்கப்பட்டவன் வில்லியே அன்றோ!

மில்லர் இதை ஏட்டில் படித்து எழுதியவர் அல்லர். 1915இல் பிறந்த அவருடைய தந்தையார் பெண்களுக்கான மேலங்கிகள் தயாரிக்கும் தொழிலில் செல்வராக இருந்தவர். 1929இல் வந்த பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அனைத்தையும் இழந்தார். பெரிய வீட்டிலிருந்து புரூக்ளினின் சிறிய வீட்டிற்குக் குடும்பம் குடிபெயர்ந்தது. விற்பனையாளராக இருந்த தம் உறவினர் ஒருவரே வில்லியின் பாத்திரத்திற்கு வித்தானார் என்பதை மில்லர் 1987இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலில் விளக்கியிருக்கிறார். மக்கள் பந்தயக் குதிரைகளைப்போல் ஒப்பிடப்படும் வீட்டை அவர் அருகிருந்தே பார்த்தவர்.

சமூகத்தின் எதிர்பார்ப்பு ஒரு வீட்டிற்குள் எவ்வழியாக நுழைகிறது? மில்லரின் விடை தெளிவானது. அது தந்தையின் பாசத்தின் வழியாகவே நுழைகிறது. வில்லி தன் மூத்த மகனை உயிருக்குயிராக நேசிக்கிறான். பள்ளியில் பிஃப் கால்பந்து வீரன். மூன்று பல்கலைக்கழகங்கள் அவனை அழைக்கின்றன. பள்ளியிலிருந்து கேளாமல் ஒரு பந்தை அவன் எடுத்துவந்தபோது தந்தை கண்டிக்கவில்லை. இவனுடைய ஊக்கத்தைப் பயிற்சியாளர் பாராட்டுவார் என்று சொல்லிச் சிரிக்கிறான். பக்கத்தில் கட்டடம் எழும்பும் இடத்திலிருந்து மரம் திருடிவந்தாலும் அது துணிச்சல் என்று மெச்சப்படுகிறது. பின்னாளில் பிஃப் திருட்டுக்காகச் சிறையில் இருந்தான் என்று அறியும்போது, அந்தச் சிறையின் முதற்கல் எங்கே நாட்டப்பட்டது என்பது நமக்குப் புலனாகிறது. மகனைக் கெடுக்க வேண்டும் என்று வில்லி எண்ணியதே இல்லை. மகன் வெல்ல வேண்டும் என்றே எண்ணினான். ஊர் மெச்சும் பிள்ளையைத் தேடிய கண்ணுக்குத் தன் பிள்ளை தெரியாமல் போயிற்று.

17 வயதில் பிஃப் கணக்குத் தேர்வில் தவறுகிறான். ஆசிரியரிடம் பேசித் தந்தை தன்னைக் காப்பாற்றுவார் என்று நம்பி பாஸ்டன் நகருக்கு ஓடுகிறான். அங்கே விடுதி அறையில் தந்தையோடு வேறொரு பெண் இருப்பதைக் காண்கிறான். தாய் வீட்டில் கிழிந்த காலுறைகளைத் தைத்துக்கொண்டிருக்க, புதிய காலுறைகள் அப்பெண்ணுக்குக் கொடுக்கப்படுகின்றன. அன்றோடு அவன் படிப்பு முடிந்தது. இக்காட்சியை வெறும் ஒழுக்கக்கேட்டின் காட்சியாகப் படிப்போர் உண்டு. ஒழுக்கக்கேடுதான், ஐயமில்லை. ஆனால் வில்லி தேடியது இன்பத்தைக் காட்டிலும் ஓர் உறுதிமொழியை. ஊர் ஊராகச் சுற்றித் தன்னை யாரும் மதிக்கவில்லை என்று நொந்தவன், தன்னை விரும்புவதாகச் சொன்ன ஒருத்தியிடம் தன்னையே இழந்தான். தனிமையை விளக்கமாகச் சொல்லலாமே ஒழிய, செய்த துரோகத்திற்கு அதை நியாயமாகக் கொள்ள முடியாது. மில்லரும் அவ்வாறு கொள்ளவில்லை. வில்லி அந்த நினைவிலிருந்து நாடகம் முடியும்வரை தப்ப முடியவில்லை.

நிறுவன முதலாளி ஹோவர்டின் அறையில் நிகழும் காட்சி இந்நாடகத்தின் சிகரங்களுள் ஒன்று. பயணம் செய்ய உடல் இடங்கொடுக்கவில்லை, நியூயார்க்கிலேயே ஒரு வேலை தரவேண்டும் என்று கேட்க வருகிறான் வில்லி. ஹோவர்டோ புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் மனைவி மக்களின் குரல்களைப் போட்டுக்காட்டி மகிழ்ந்துகொண்டிருக்கிறான். முதலில் வாரம் 65 டாலர் கேட்கிறான் வில்லி, பிறகு 50, பிறகு 40. கேட்கும் தொகை இறங்க இறங்க மனிதனும் இறங்கிக்கொண்டே போகிறான். முடிவில் இருந்த வேலையும் போகிறது. ஹோவர்ட் பிறந்தபோது அவனுக்கு இடும் பெயரைப் பற்றி அவன் தந்தை வில்லியிடம் யோசனை கேட்டதுண்டு. அந்தப் பழைய உறவு கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. முதியோர்க்கு உதவித்தொகை வழங்க 1935இல் அமெரிக்க அரசு இயற்றிய சட்டம் 65 வயதை எல்லையாக வைத்திருந்தது என்பதையும் நினைவிற்கொண்டு இக்காட்சியைப் படிக்க வேண்டும். வில்லிக்கு வயது 63.

இந்தக் காட்சியில் முதலாளியும் ஒரு குடும்பஸ்தனாகவே காட்டப்படுகிறான் என்பது மில்லரின் நுட்பம். ஹோவர்ட் கொடியவன் அல்லன். தன் மகளின் சீட்டியொலியைக் கேட்டுப் பூரிப்பவன். தன் வீட்டின் மீதுள்ள அன்பு, எதிரில் நிற்பவனுக்கும் ஒரு வீடு உண்டு என்பதை அவனுக்கு உணர்த்தவில்லை. குடும்பப் பாசம் மட்டும் ஒரு சமூகத்தை நல்வழிப்படுத்திவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி லிண்டாவைக் காண்போம். கணவன் கொண்டுவரும் வருவாய், கட்டவேண்டிய தவணை, பழுதுபார்த்த செலவு ஆகிய அனைத்தும் அவள் விரல் நுனியில் இருக்கின்றன. அண்டைவீட்டு நண்பன் சார்லியிடம் வாரந்தோறும் 50 டாலர் கடன் வாங்கிவந்து, தான் சம்பாதித்த பணம் என்று வில்லி தன்னிடம் தருவதையும் அவள் அறிவாள். நிலவறையில் எரிவாயுக் குழாயின் அருகே அவன் உயிரை மாய்த்துக்கொள்ள ஒளித்துவைத்த ரப்பர் குழாயையும் கண்டுபிடித்துவிட்டாள். பகலில் அதை எடுத்துவிடுகிறாள். அவன் வீடு திரும்புமுன் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறாள். தான் அறிந்துகொண்டதாகக் காட்டினால் அவன் மானம் போய்விடும் என்று அஞ்சுகிறாள். கணவனின் உயிரைவிட அவனுடைய மானத்தைக் காப்பது மனைவியின் கடமை என்று அவளுக்குக் கற்பித்தது யார்? ஆண்மகன் தோற்கக் கூடாது என்பது சமூகம் ஆணுக்கு இட்ட கட்டளை. அவன் தோற்றதை மனைவி காணாதவள்போல் இருக்க வேண்டும் என்பது பெண்ணுக்கு இட்ட கட்டளை. இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

லிண்டாவைக் குறைகூறும் திறனாய்வாளர்கள் பலர். அவள்தான் வில்லியின் பொய்களுக்கு எண்ணெய் ஊற்றி வளர்த்தாள் என்பர். அலாஸ்காவில் தன் காட்டு நிலங்களை மேற்பார்வையிட வருமாறு தமையன் பென் வில்லியை அழைத்தபோது, இங்கேயே நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று தடுத்தவளும் அவள்தான் என்பர். இக்குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. ஆயினும் பழியைப் பாத்திரத்தின் மீது சுமத்துவதைவிட ஆசிரியர் மீது சுமத்துவதே நேர்மை என்பது என் கருத்து. லிண்டாவுக்கு ஒரு தோழி இல்லை, பிறந்த வீடு இல்லை, தனக்கென ஓர் ஆசை இல்லை. நாடகத்தில் வரும் ஏனைய பெண்களோ ஆண்களின் கேளிக்கைக்கும் அலுவலகத்திற்கும் உரியவர்கள். வில்லியின் மனத்தைத் திறந்து காட்டிய மில்லர், லிண்டாவின் மனத்தைச் சாத்திய கதவாகவே விட்டுவிட்டார். அமெரிக்க இல்லத்தரசியின் சொல்லப்படாத வெறுமையைப் பற்றி பெட்டி ஃப்ரீடன் எழுதிய நூல் 1963இல் வந்து நாட்டையே கலக்கியது. அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே அந்த வெறுமை லிண்டாவின் சமையலறையில் இருந்தது. மில்லர் அதைப் பார்த்தார். ஆனால் அதற்குள் நுழையவில்லை.

மக்கள் இருவரில் ஹாப்பியின் நிலையே எனக்கு அதிகத் துயரம் தருவது. தந்தையின் கண் என்றும் மூத்தவன் மீதே. உடல் எடை குறைந்துவிட்டது பாருங்கள் என்று சிறுவனாகத் தந்தையின் பின்னால் திரிந்தவன், வளர்ந்த பின்னும் யாராவது தன்னைப் பார்க்க வேண்டும் என்றே வாழ்கிறான். உணவு விடுதியில் தந்தை நினைவு தடுமாறி நிற்கையில், அவர் தன் தந்தையே அல்லர், யாரோ ஒருவர் என்று புதிதாகச் சந்தித்த பெண்களிடம் சொல்லிவிட்டு வெளியேறுகிறான். பெற்ற தந்தையை மறுக்கும் அந்தக் கணம் நெஞ்சைப் பிளப்பது. ஆனால் அவன் அந்தப் பாடத்தை யாரிடம் கற்றான்? தோற்றவன் அறிமுகத்திற்குத் தகுதியற்றவன் என்பது அந்த வீட்டில் நாள்தோறும் ஓதப்பட்ட பாடம். மாணவன் அதை ஆசிரியர் மீதே திருப்பினான்.

பிஃப் வேறு வழியில் செல்கிறான். பழைய முதலாளி பில் ஆலிவரிடம் தொழில் தொடங்கக் கடன் கேட்கச் சென்று, ஆறு மணி நேரம் காத்திருக்கிறான். வந்தவரோ அவனை அடையாளமே காணவில்லை. அவருடைய மேசைப் பேனாவை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கி ஓடும்போது உண்மை அவனுக்கு உறைக்கிறது. தான் அங்கே விற்பனையாளனாக இருந்ததே இல்லை, சரக்கு அனுப்பும் எழுத்தனாக இருந்தவன் என்பதும், பல ஆண்டுகளாக வீடு முழுவதும் ஒரு பொய்யைத் தின்று வாழ்ந்தது என்பதும் அவனுக்கு விளங்குகின்றன. அன்றிரவு தந்தையிடம் அனைத்தையும் கொட்டி, தாம் இருவரும் சாதாரண மனிதர்களே என்று கதறி அழுகிறான். தன்னை விட்டுவிடும்படி கெஞ்சுகிறான்.

மகன் அழுவதைப் பார்த்த வில்லி, இவன் என்னை நேசிக்கிறான் என்று வியந்துபோகிறான். வாழ்நாள் முழுவதும் அவன் தேடிய அன்பு, எந்த வெற்றியும் இல்லாமலேயே கிடைத்துவிட்டது. நாடகம் இவ்விடத்தில் முடிந்திருந்தால் அது ஓர் இன்பியல் கதை. ஆனால் அடுத்த கணமே அவன் மனம் பழைய கணக்கிற்குத் திரும்பிவிடுகிறது. இத்தகைய மகனிடம் 20,000 டாலர் இருந்தால் எவ்வளவு உயர்வான் என்று எண்ணுகிறான். விலையின்றிக் கிடைத்த அன்பை அவனால் விலையின்றி வைத்துக்கொள்ள இயலவில்லை. தன் உயிரை விலையாகக் கொடுத்துத் தீர்க்கக் கிளம்பிவிடுகிறான். அமெரிக்க நாடக இலக்கியத்தில் இதற்கு நிகரான ஓர் இடத்தை நான் கண்டதில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். அதே தெருவில் சார்லியும் வாழ்கிறான். அதே சமூகம், அதே எதிர்பார்ப்பு. ஆனால் சார்லி மகனை எதற்கும் நெருக்கவில்லை. மகன் பெர்னார்ட் படித்து வழக்கறிஞனாகி, உச்ச நீதிமன்றத்தில் வாதிடச் செல்லும் நிலைக்கு உயர்ந்துவிட்டான். அப்படிப்பட்ட பெருமையைப் பெர்னார்ட் வாய்திறந்து சொல்லவே இல்லையே என்று வில்லி மலைக்கிறான். செய்யப்போகிறவனுக்குச் சொல்லவேண்டிய தேவை என்ன என்பது சார்லியின் விடை. ஆகவே குற்றம் சமூகத்துடையதா, வில்லியுடையதா?

இரண்டும் என்பதே பொருத்தமான விடை. ஊரின் அளவுகோலை வீட்டிற்குள் எடுத்துவந்து பிள்ளைகளை அளந்தவன் வில்லி. அதை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தவன் சார்லி. தேர்ந்துகொள்ளும் இடம் சிறியதாயினும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இங்கேதான் மில்லரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. சார்லியின் வழி நல்வழி என்பதை நமக்கு எதைக் கொண்டு மெய்ப்பிக்கிறார் அவர்? பெர்னார்டை உச்ச நீதிமன்றம்வரை உயர்த்தி அன்றோ! நல்ல தந்தையின் மகன் வென்றான், தவறான தந்தையின் மகன் தோற்றான் என்றால், வெற்றி என்ற பழைய அளவுகோலே மறுபடியும் ஆசிரியரின் கையில் இருக்கிறது. பெர்னார்ட் ஒரு சாதாரணப் பள்ளி ஆசிரியனாக, கடன் தீராத ஒரு வீட்டில், தந்தையோடு அமைதியாக வாழ்ந்திருந்தால்? அப்போதும் பார்வையாளர்கள் சார்லியை மெச்சியிருப்பார்களா? மில்லர் அந்த வினாவைக் கேட்கத் துணியவில்லை. தாம் கண்டிக்கும் சமூகத்தின் எதிர்பார்ப்பு தம் பேனாவிலும் ஒரு துளி கலந்திருப்பதை அவர் உணரவில்லை என்றே கருதுகிறேன்.

இந்நாடகம் அவலநாடகம் என்ற பெயருக்கு உரியதா என்றும் வாதம் நடந்தது. அரசனும் வீரனும் வீழ்வதே அவலம், ஓர் ஏழை விற்பனையாளனின் வீழ்ச்சி எப்படி அவலமாகும் என்று கேட்டனர் சிலர். அதே 1949ஆம் ஆண்டில் மில்லர் ஒரு கட்டுரை எழுதி, தன் மதிப்பைக் காத்துக்கொள்ள உயிரையும் கொடுக்கத் துணியும் எந்த மனிதனும் அவலநாடகத்திற்கு உரியவனே என்று நிலைநாட்ட முயன்றார். பெயர் எதுவாயினும், கிரீடம் இல்லாத தலையிலும் அதே பாரம் உண்டு என்பதை அவர் காட்டிவிட்டார். அதற்கு இலக்கணம் ஒப்புதல் தந்தாலும் தராவிட்டாலும் கவலையில்லை.

இறுதிக் காட்சி கல்லறையில். டேவ் சிங்கிள்மன் என்ற முதிய விற்பனையாளரைப்போல் தான் வாழ வேண்டும், சாக வேண்டும் என்பது வில்லியின் கனவு. அவர் 84 வயதிலும் விடுதி அறையில் பச்சை வெல்வெட் செருப்பு அணிந்து, தொலைபேசியிலேயே வணிகம் செய்தவர். அவர் இறுதிச் சடங்கிற்கு நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். வில்லியின் கல்லறையிலோ மனைவி, மக்கள், சார்லி, பெர்னார்ட் ஆகிய ஐவர் மட்டுமே. பிஃப் தந்தை கையால் கட்டிய வாயிற்படியை நினைவுகூர்கிறான். அவர் விற்ற சரக்குகள் அனைத்தையும்விட அந்தப் படியில் அவர் அதிகமாக இருந்தார் என்று உணர்கிறான். சிமெண்டும் மரமும் கையில் இருந்தபோது மகிழ்ந்திருந்த மனிதனை, ஊர் மதிக்கும் வேலை என்ற எண்ணம் கடைவீதிக்குத் துரத்திவிட்டது. 25 ஆண்டுக் கடனின் கடைசித் தவணையை அன்றுதான் கட்டினேன் என்று லிண்டா சொல்லும்போது, வீடு சொந்தமாகிவிட்டது, வசிக்க ஆள் இல்லை. காப்பீட்டுப் பணம் கைக்கு வந்ததா என்பதைப் பற்றி மில்லர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் பொருள் நிறைந்தது.

இது அமெரிக்காவின் கதை மட்டும்தானா என்று கேட்டவர்களுக்கு 1983இல் ஒரு விடை கிடைத்தது. அவ்வாண்டு மில்லர் பீஜிங் நகருக்குச் சென்று, சீன நடிகர்களைக் கொண்டு சீன மொழியிலேயே இந்நாடகத்தை இயக்கினார். வீட்டுக் கடனும் ஊர்சுற்றி விற்பனையாளனும் அக்காலச் சீனருக்குப் புதியவை. ஆயினும் மகன் உயர வேண்டும் என்று துடிக்கும் தந்தை அவர்களுக்குப் புதியவன் அல்லன். 2022இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் வெண்டல் பியர்ஸ் வில்லியாக நடிக்க, லோமன் குடும்பம் ஒரு கறுப்பினக் குடும்பமாகக் காட்டப்பட்டது. அப்போது அதே சொற்கள் வேறு பொருளும் கொண்டன. எவனும் உயரலாம் என்ற வாக்குறுதி எல்லாருக்கும் ஒரேபோல் வழங்கப்பட்டதில்லை என்பதை அந்தத் தயாரிப்பு எடுத்துக்காட்டியது.

மேனாட்டில் ஊர் வாய்க்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற எண்ணத்தை இந்நாடகம் தகர்த்துவிடுகிறது. அங்கே ஊர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதில்லை. மனிதனின் நெஞ்சுக்குள் உட்கார்ந்து பேசுகிறது. திண்ணைப் பேச்சுக்கு அஞ்சுபவன் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நெஞ்சுக்குள் பேசும் குரலுக்குக் கதவு ஏது? அதேபோல, அங்கே குடும்பப் பாசம் அற்றுப்போய்விட்டது என்ற எண்ணத்தையும் இது தகர்க்கிறது. லோமன் வீட்டில் பாசத்திற்குக் குறைவில்லை. அந்தப் பாசம் பேசக் கற்றுக்கொண்ட மொழி வெற்றியின் மொழி என்பதே அவ்வீட்டின் துயரம்.

சபர் போகும் தந்தையரையும், அவர்கள் வரவை நாள் எண்ணிக் காத்திருக்கும் வீடுகளையும் அறிந்த நமக்கு வில்லி லோமனின் பெட்டிகள் முற்றிலும் அந்நியமானவை அல்ல. கையில் என்ன கொண்டுவந்தார் என்று கேட்கும் ஊரும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் வீடும் நம்மிடமும் உண்டு. களைத்துத் திரும்பும் தந்தையின் காதில் முதலில் விழும் கேள்வி இவ்விரண்டில் எது என்பதை ஒவ்வொரு வீடும் தன்னளவில் பார்த்துக்கொள்வது நலம். வில்லியின் வீட்டில் இரண்டாவது கேள்வியைக் கேட்க லிண்டா இருந்தாள். பிஃப்பும் கடைசி இரவில் கேட்டான். அதற்குள் முதற்கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லியே அவனுடைய செவி மரத்துப்போய்விட்டது.